படிப்போடு சேர்த்து எதைக் கற்பது: எழுத்தா, எக்செலா, கோடிங்கா, இன்னொரு மொழியா, மேடைப் பேச்சா?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆளுக்கு ஓர் ஆலோசனை வந்துவிடும். கோடிங் கற்றுக்கொள் என்பார் ஒருவர். வெளிநாட்டு மொழி ஒன்று தெரிந்திருந்தால் எங்கேயும் பிழைக்கலாம் என்பார் இன்னொருவர். வாய் இருந்தால் போதும், மேடையில் பேசப் பழகு என்பார் மூன்றாமவர். யார் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் எல்லார் பேச்சையும் கேட்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கால் வைத்தவர்கள், படிப்பு முடியும்போது ஒரு கட்டு ஆன்லைன் சர்டிபிகேட்டோடு நிற்பார்கள். அவற்றில் எதையாவது முதலிலிருந்து கடைசி வரை தனியாகச் செய்து காட்டுங்கள் என்றால் தடுமாறுவார்கள்.

முதலில் நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வோம். பாடம், தேர்வு, தூக்கம், நண்பர்கள் எல்லாம் போக வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்க முடிகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு வகுப்பு நடக்கும் வாரங்கள் சுமார் 30 என்றால், 150 மணி நேரம். மூன்றாண்டுப் படிப்புக்கு 450, நான்காண்டுக்கு 600. பார்க்கப் பெரிதாகத் தெரியும் இந்த 450-ஐத் தலைப்பில் உள்ள ஐந்துக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 90 மணி நேரம்தான் வரும். 90 மணி நேரம் எக்செலுக்குத் தாராளம்; ஜப்பானிய மொழிக்கு வாசலைத் தொடக்கூடக் காணாது. ஆகவே சமமாகப் பங்கு போடுவது சரிவராது.

எதற்குச் சந்தையில் மதிப்பு என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அதை நான் இரண்டாவதாக வைப்பேன். முதல் கேள்வி: இதைப் படிப்பு முடிந்த பிறகு தனியாகக் கற்க முடியுமா? முடியும் என்றால் அவசரமில்லை. வளாகத்தில் சில வசதிகள் உண்டு. வெளியே போனபின் காசு கொடுத்தாலும் அவை எளிதில் கிடைக்காது. நம் வேலையைப் படித்துக் குறை சொல்வதற்கென்றே ஆசிரியர் இருக்கிறார். ஒரே வயதில், ஒரே குழப்பத்தில், கேட்க ஆளிருக்கிறது. தப்பு செய்தால் ஒரு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான், வேலை போகாது. இந்த வசதிகள் எந்தத் திறமைக்கு அதிகம் உதவுகின்றனவோ அதற்கே இந்த வருடங்களைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எக்செல்: இழுத்தடிக்காமல் முடிக்க வேண்டியது

எக்செலைத் திறமை என்று சொல்லிக்கொள்ளவே சிலருக்குக் கூச்சம். தெரியும் என்று நினைப்பவர்களில் பாதிப் பேருக்குப் பெட்டிகளில் எண்ணை அடித்து நிறம் பூசத்தான் தெரியும். இதன் எடையைப் புரிந்துகொள்ள 2013-இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் ஓர் அசைன்மென்ட்: வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து அதன் முடிவுகளைத் திரும்பக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அவர் எடுத்தது ஹார்வர்டைச் சேர்ந்த கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதியது. அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடுகிறது என்று காட்டிய கட்டுரை அது. அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அது நல்ல ஆயுதமாக இருந்தது.

எத்தனை முறை போட்டும் ஹெர்ண்டனுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. கட்டுரை எழுதியவர்களிடமே கேட்டு அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30-ஆம் வரிசையில் தொடங்கி 49-ஆம் வரிசை வரை போயிருக்க வேண்டும். 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் கணக்கிலேயே இல்லை. இந்தப் பிழை மட்டும் முடிவைத் தலைகீழாக்கிவிடவில்லை; சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதும், நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும் சேர்ந்தே கணக்கை மாற்றின. மூன்றையும் சரிசெய்து அவரும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் போட்ட கணக்கில், 90 சதவீதத்துக்கு மேல் கடன் உள்ள நாடுகளுக்கு மைனஸ் 0.1 சதவீதமாக இருந்த சராசரி வளர்ச்சி பிளஸ் 2.2 ஆனது. எக்செல் பிழையை ஒப்புக்கொண்ட ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் மற்ற இரண்டு குறைகளை ஏற்கவில்லை. எப்படியிருந்தாலும், பிழையைக் கண்டுபிடித்தவர் ஒரு மாணவர். ஒரு பெட்டியைச் சொடுக்கி உள்ளே இருக்கும் ஃபார்முலாவைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

எக்செல் பக்கம் ஆபத்துகளும் உண்டு. செப்ட்1, மார்ச்1 என்ற பெயருள்ள மரபணுக்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும் தொல்லை தாங்காமல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் பெயர்களையே மாற்றிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களைத் தெரிந்துவைத்திருப்பதும் திறமையில் சேர்த்திதான்.

ஆனால் இதற்காக ஒரு வருடம் செலவிடத் தேவையில்லை. ஃபார்முலாவில் டாலர் குறி எதற்கு, இரண்டு பட்டியல்களை ஒரு பொது எண்ணை வைத்து இணைப்பது எப்படி, பிவட் டேபிள் (நீண்ட பட்டியலைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை), வரைபடம், தரவைச் சுத்தம் செய்வது. இவ்வளவுதான், 30 அல்லது 40 மணி நேரத்தில் ஆகிவிடும். செமஸ்டர் விடுமுறை ஒன்று போதும். ஆசிரியரோ சபையோ தேவையில்லை, பின்னாலும் கற்கலாம். இருந்தாலும் முதல் விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள் என்பேன். அதற்குப் பிறகு எழுதும் எல்லா ரிப்போர்ட்டிலும் பலன் தரும் என்பதால்தான்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் புள்ளியியலின் கதை வேறு. அங்கே கருவியை இயக்குவது எளிது, அர்த்தம் புரிவதுதான் கஷ்டம். ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, பொருத்தும் நேர்கோடும் ஒன்றே. எண்களை மட்டும் பார்த்தால் நான்கும் இரட்டைப் பிள்ளைகள் போல. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய கோடு, ஒன்று அழகான வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி தனியே எகிறி நிற்கிறது, கடைசியில் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் செங்குத்தாக அடுக்கியிருக்கின்றன. இதை யூடியூபில் பார்த்துத் தலையாட்டலாம். உங்கள் தரவில் இதே தப்பை நீங்கள் செய்யும்போது பிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். விருப்பப் பாடமாகப் புள்ளியியல் கிடைத்தால், மதிப்பெண் குறையுமோ என்று பயப்படாமல் எடுத்துவிடுங்கள்.

கோடிங்: உங்கள் கையில் வேலை இருக்கிறதா?

கணினித் துறை மாணவர்களுக்கு இது பாடமே, அவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்களுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். திரும்பத் திரும்பக் கையால் செய்யும் வேலை ஏதாவது உங்கள் படிப்பில் இருக்கிறதா? சோதனைக்கூடக் கருவி நூற்றுக்கணக்கான கோப்புகளைத் துப்புகிறது, ஒவ்வொன்றிலும் மூன்றாவது நெடுவரிசையை எடுத்து ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். பழைய நூல்களின் மின்பிரதிகளைப் பார்த்து ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ண வேண்டும். அப்படி ஏதாவது இருந்தால் பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்க 100 முதல் 150 மணி நேரம் போடலாம், வட்டியோடு திரும்பும். இல்லையென்றால், பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து அதில் வரும் கால்குலேட்டரையும் லிஸ்ட் செயலியையும் தட்டச்சு செய்துவிட்டு இரண்டு மாதத்தில் மறந்துபோவீர்கள். கற்பதற்காகக் கற்ற கோடிங் நிற்காது.

பொருள் பஞ்சம் இங்கே கிடையாது. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற அறிமுகக் கணினி வகுப்பு இணையத்தில் இலவசம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகத் தரப்போவதாக 2001-லேயே அறிவித்துவிட்டது. அதனாலேயே இதை வளாகத்துக்கு வெளியேயும் கற்கலாம், பலர் கற்கிறார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு மாற்றம். சின்னச் சின்ன நிரல்களை எழுதித் தர ஆள் கிடைத்துவிட்டது. அப்படியென்றால் கற்கவே வேண்டாமா? வேண்டும், ஆனால் அளவு மாறுகிறது. எழுதிக் கொடுத்ததைப் படித்து, வெற்றுக் கோப்பு வந்தால் இது என்ன செய்யும், ஒரு வரிசையில் எண்ணுக்குப் பதில் கோடு போட்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தெரிய வேண்டும். அதற்கு அடிப்படை போதும், நிபுணராக வேண்டியதில்லை. கூடவே, கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ‘ரிப்போர்ட்_ஃபைனல்_ஃபைனல்2’ என்ற கோப்புப் பெயரிலிருந்து விடுதலை கிடைக்கும்.

போகிற போக்கில் இரண்டு சில்லறை விஷயங்கள். விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுங்கள். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருப்பது ஆள்காட்டி விரல்களுக்கு இடம் காட்டத்தான். தினமும் கால் மணி நேரம் என்று சில வாரங்கள் போதும். இன்னொன்று, படிக்கும் முறை. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவு ஹைலைட்டர் அடித்த பக்கங்களைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு மொழி: அரைகுறை என்றால் வேண்டவே வேண்டாம்

இந்தப் பட்டியலில் அதிகம் நேரம் தின்பது மொழி. எவ்வளவு என்பதற்குப் பொதுவில் கிடைக்கும் கணக்குகள் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத் தரும் நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர்கள் ஸ்பானிய மொழியை வேலைக்கு ஆகும் அளவு கற்க 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய, சீன, கொரிய, அரபு மொழிகளுக்கு 2200 மணி நேரமும் ஆகும் என்கிறது. கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளை நடத்துவோர், ஏ1 முதல் சி2 வரை போகும் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் பி1 நிலைக்கு 350–400, பி2-க்கு 500–600 மணி நேரம் என்று வழிகாட்டுகிறார்கள். தமிழ் பேசுபவருக்கு இவை அப்படியே பொருந்தாது. ஜப்பானியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும், வேற்றுமை உருபு போலச் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும் துணுக்குகளும் உண்டு. இலக்கணத்தில் கொஞ்சம் மூச்சு விடலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வரையறுத்த 2136 காஞ்சி எழுத்துகள் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) மட்டும் யாரையும் விட்டுவைக்காது.

நம்மிடம் உள்ள 450 மணி நேரத்தை முழுவதும் கொட்டினால் ஸ்பானிய, ஜெர்மன் போன்ற மொழியில் உருப்படியான இடத்துக்குப் போகலாம். அதே மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் ஏ2-இல் நின்றுவிடும். ஏ2 என்பது கடையில் விலை கேட்கலாம், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் விட்டால் வேகமாக ஆவியாகிப் போகும் நிலையும் அதுதான். பி2-ஐத் தொட்டவர்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்தாலும் திரும்ப ஏற முடிகிறது. செய்தி படிக்கிறார்கள், தொடர் பார்க்கிறார்கள், மொழி தானாக உயிரோடு இருக்கிறது. அதனால் மொழியைப் பொறுத்தவரை என் பரிந்துரை கொஞ்சம் கறாரானது: அந்த மொழி பேசும் நாட்டில் மேற்படிப்பு, அந்த மொழியில் மூலநூல் படிக்க வேண்டிய ஆய்வு, அல்லது அடக்க முடியாத ஆசை. மூன்றில் ஒன்று இருந்தால் முதல் ஆண்டிலேயே தொடங்கி, மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் இல்லையென்றால் தொடவே வேண்டாம். பயோடேட்டாவில் ‘பிரெஞ்சு (அடிப்படை)’ என்ற வரியைப் பார்த்து வேலை கொடுத்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

பின்னால் கற்க முடியுமா என்றால், முடியும். ஆனால் முழுநேர வேலையில் இருப்பவருக்கு வாரம் 5 மணி நேரம் என்பதே பெரிய கனவு. நீண்ட நேரம் கேட்கும் திறமை எதுவானாலும் மாணவப் பருவமே அதற்கு வசதி.

மேடைப் பேச்சு: மணியில் அளக்காதீர்கள்

பேச்சுத் திறமையை எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தோம் என்று அளப்பதில் பயனில்லை. எத்தனை முறை எழுந்து நின்றோம் என்றுதான் அளக்க வேண்டும். அதுவும் கேட்க ஆளிருக்கும் அறையில். கண்ணாடி முன் பேசுவது மனப்பாடத்துக்கு உதவும், நடுக்கத்துக்கு உதவாது. அறை நிறையக் கேட்பவர்களை வேறெங்கே இலவசமாகக் கூட்டுவது? வளாகத்தில்தான் அது வாரா வாரம் நடக்கிறது. இந்த வகையில் என் சோதனையில் பேச்சு நன்றாகத் தேறுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு ஆட்களுக்கானவை. 1924-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில், பயந்தவர்களுக்கென்றே செய்தது போன்ற ஒழுங்கு இருக்கிறது. தயாரித்த பேச்சு வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். ஐந்தாம் நிமிடம் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ‘ஆ’, ‘ம்ம்’ என்று எத்தனை முறை இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் முறை அவர் சொல்லும் எண்ணிக்கையைக் கேட்டு முகம் சிவக்காதவர் குறைவு. விவாத மன்றம் வேறு ஜாதி. பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பாணியில் இரண்டிரண்டு பேராக நான்கு அணிகள். தலைப்பைச் சொன்ன 15 நிமிடத்தில் பேச்சு தொடங்க வேண்டும். ஆளுக்கு 7 நிமிடம். நடுவில் எதிரணி எழுந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதும் உங்கள் கையில் இல்லை. வாய் வராதவர் முதலில் இங்கே போனால் அடுத்த வாரம் வரமாட்டார். வாய் வந்தும் வாதம் வராதவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு வருடம் தொடர்ந்து போனால் கைநடுக்கம் போய்விடும், அது போதும். அதற்கு மேல் கோப்பைகள் சேர்ப்பது ஆசை இருப்பவர்களுக்கு. சொல்ல விஷயம் இல்லாமல் நன்றாகப் பேசுகிறவர்கள் உலகத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

எழுத்து: என் முதல் வாக்கு

கதை, கவிதை பற்றிப் பேசவில்லை. ஒரு விஷயத்தை, அது தெரியாத ஒருவருக்கு, ஒரு முறை படித்தாலே புரியும்படி எழுதுவதைச் சொல்கிறேன். மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. நல்ல வேலை செய்துவிட்டு அதை மண்மூடிப் புதைப்பது போல எழுதுபவர்களே அங்கே அதிகம். இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்:

“இந்த ஆய்வில் விதை முளைப்பைப் பாதிக்கும் பல்வேறு காரணிகள் விரிவாக ஆராயப்பட்டு முக்கியமான முடிவுகள் எட்டப்பட்டன.”

இலக்கணப் பிழை எதுவும் இல்லை, தகவலும் எதுவும் இல்லை. எந்தக் காரணிகள்? எத்தனை விதை? என்ன முடிவு? பக்கத்தில் உட்கார்ந்து இந்த மூன்று கேள்வியையும் கேட்டால் அதே மாணவர் வாயால் சட்டென்று சொல்லிவிடுவார்: “உப்புக் கலந்த நீர் ஊற்றிய 40 விதைகளில் 11தான் முளைத்தது, சாதாரண நீரில் 34 முளைத்தது.” சரி, அதையே எழுதுங்கள் என்றால் இவ்வளவு சாதாரணமாகவா எழுதுவது என்று தயங்குவார். இந்தத் தயக்கத்தை எந்தக் காணொளியும் போக்காது. எழுதியதை ஒருவர் படித்து, இந்த வரி எனக்குப் புரியவில்லை என்று ஓரத்தில் குறிக்க வேண்டும்; திருத்தி எழுதி மறுபடி கொடுக்க வேண்டும். பல சுற்றுகள். வளாகத்துக்கு வெளியே இதை யார் செய்வார்கள்? அலுவலகத்தில் உங்கள் மின்னஞ்சல் புரியவில்லை என்றால் பதில் வராது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தருமே என்ற கேள்வி வரும். தரும், மேலே உள்ள முதல் வாக்கியத்தைப் போல எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தரும். 40-இல் 11 என்பது அதற்குத் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் எழுத்தில் கஷ்டமான பாகம். அந்தப் பாகத்தை வெளியே கொடுத்துவிட்டால் நாம் என்ன கண்டுபிடித்தோம் என்பதே நமக்குத் தெளிவாகாமல் போகும். எழுத உட்காரும்போதுதான் நம் வாதத்தில் இருக்கும் ஓட்டை நமக்கே தெரிகிறது என்பது ரிப்போர்ட் எழுதிய எல்லாருக்கும் தெரிந்த அனுபவம்.

இதற்குத் தனியாக மணி நேரம் ஒதுக்கக்கூட வேண்டாம். எப்படியும் அசைன்மென்ட் எழுதத்தான் போகிறீர்கள். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்பே முதல் வரைவை முடித்து, துறை தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். எங்கே படிப்பதை நிறுத்தினார் என்று மட்டும் கேளுங்கள். ஆசிரியர் திருப்பிக் கொடுத்த தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பைக்குள் திணிக்காமல், சிவப்பு மையில் எழுதியதைப் படித்து, புரியாததைப் போய்க் கேளுங்கள். கேட்டு வரும் மாணவர்கள் மிகக் குறைவு என்பதால் ஆசிரியர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகவே நேரம் கொடுப்பார்கள்.

யாருக்கு எது?

அறிவியல், பொறியியல் மாணவர் என்றால்: முதல் விடுமுறையில் எக்செல், பிறகு புள்ளியியல், கையில் தரவு வரும்போது பைத்தான். எழுத்து எல்லாவற்றோடும் கூடவே ஓட வேண்டும். இந்தத் துறையில்தான் எழுத்தை அதிகம் அலட்சியம் செய்கிறார்கள், அதனாலேயே நன்றாக எழுதுபவர் சீக்கிரம் கண்ணில் படுகிறார்.

வரலாறு, இலக்கியம், சமூகவியல் படிப்பவர் ஏற்கெனவே நிறைய எழுதுகிறார். அவருக்கு நான் சொல்வது எக்செலும் அடிப்படைப் புள்ளியியலும். ஒரு வரைபடத்தைப் பார்த்து இந்த அச்சு ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்று கேட்கத் தெரிந்தால் அந்தத் துறைகளில் தனி மரியாதை. மேற்படிப்பு ஆராய்ச்சிதான் என்று முடிவு செய்தவர் மொழியை எடுக்கலாம். அப்போது கோடிங்கை மறந்துவிட வேண்டும்.

பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு வாரம் 5 மணி நேரம் என்பதே நடக்காத கதை. அவர் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம். எழுத்தை மட்டும், அதுவும் அசைன்மென்ட் வழியாக. வகுப்பில் பிரசன்டேஷன் வரும்போது குழுவில் வேறொருவரைப் பேசச் சொல்லிவிட்டுப் பின்னால் நிற்காமல் தானே பேசினால் மேடையும் அதிலேயே அடங்கிவிடும்.

கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டவருக்கு மொழி இனி இல்லை, கோடிங்கும் கையில் அவசர வேலை இருந்தால்தான். எக்செலை இரண்டு மூன்று வார இறுதிகளில் ஒப்பேற்றலாம். மிச்ச நேரம் முழுவதும் இறுதி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு. வழிகாட்டியிடம் அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுங்கள். மொத்தமாகக் கடைசி வாரத்தில் கொண்டுபோய் நின்றால் அவர் கையெழுத்துதான் போடுவார், படிக்க மாட்டார்.